வீட்டு வைஃபைக்கு ஒரு பூட்டு

1903-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள். இலண்டன் நகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தின் அரங்கில் மக்கள் கூடியிருந்தனர். கம்பியில்லாத் தந்தியைப் பற்றி ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் என்னும் அறிஞர் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். கம்பியில்லாத் தந்தியின் தந்தை எனப் புகழ்பெற்ற மார்க்கோனி அங்கு இல்லை. அவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், கார்ன்வால் கடற்கரையிலுள்ள போல்டு என்னும் இடத்தில் இருந்தார். அங்கிருந்து அவர் செய்தி அனுப்புவார். அது இலண்டன் அரங்கில் உள்ள கருவியில் வந்து விழும். இதுதான் அன்றைய காட்சி.

ஆனால் மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி தட்டத் தொடங்கிவிட்டது. ஃபிளெமிங்கின் உதவியாளர் ஒருவர் அந்தத் தட்டல்களைக் கூர்ந்து கவனித்தார். மோர்ஸ் குறியீட்டில் 'எலிகள், எலிகள்' என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது! அதைத் தொடர்ந்து மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டும் வந்தது. நெவில் மாஸ்கலைன் என்னும் செப்பிடு வித்தைக்காரர் அருகிலிருந்த ஒரு கட்டடத்தில் தம்முடைய சொந்தக் கருவியை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. தம்முடைய கருவிகளைக் குறிப்பிட்ட அலைநீளத்துக்கு இசைவித்துவிட்டால் பிறர் யாரும் அவற்றில் குறுக்கிட முடியாது என்று மார்க்கோனி சொல்லி வந்தார். அந்தக் கூற்றைத்தான் மாஸ்கலைன் சோதித்துக் காட்டினார். ஃபிளெமிங்குக்குக் கோபம் பொங்கியது. இது அறிவியல் போக்கிரித்தனம் என்று செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். போக்கிரித்தனமோ இல்லையோ, மாஸ்கலைன் காட்டியது உண்மை. காற்றில் விட்ட அலைக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஏற்ற கருவி உள்ள எவரும் அதைக் கேட்கலாம், அதில் குறுக்கே பேசவும் செய்யலாம்.

இன்று நம் வீடுகளில் உள்ள வைஃபை ரூட்டரும் ஒரு சிறிய வானொலி நிலையமே. மார்க்கோனிக்கு நேர்ந்தது அதற்கும் நேரலாம்.

சுவர் தடுக்காதா?

வீட்டைச் சுற்றிச் சுவர் இருக்கிறதே, அலைகள் வெளியே போகாமல் அது தடுத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அதிர்வெண் பட்டைகளில் இயங்குகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவதற்கு 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதற்கு 6 சென்டிமீட்டர் வரும். இந்த அலைகள் செங்கல் சுவரில் ஓரளவு வலுவிழக்கும். ஆனால் மறைந்துவிடா. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவரை எளிதில் ஊடுருவும். சன்னல், கதவு வழியாகப் போவதைச் சொல்லவே வேண்டாம்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து தெருவில் நடந்து பாருங்கள். உங்கள் வீட்டு வைஃபையின் அடையாளம் எத்தனையாவது அடியில் மறைகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வியப்பாக இருக்கும். மேலும், கைப்பேசியின் உள்ளே இருப்பது மிகச் சிறிய ஆன்டெனா. திசை நோக்கும் நல்ல ஆன்டெனா ஒன்று இருந்தால், உங்கள் கைப்பேசி கைவிட்ட இடத்துக்கு வெகு தொலைவில் இருந்தும் அதே அலையைப் பிடிக்கலாம். ஆகவே சுவரை நம்பிப் பயனில்லை.

கேட்டால்தான் என்ன?

'என் வீட்டில் என்ன இரகசியம் இருக்கிறது? யாராவது கொஞ்சம் இணையம் பார்த்துவிட்டுப் போகட்டுமே' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று காவல்துறையினர் தேடினர். இணையத்தில் இணையும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. அந்த எண் நவி மும்பையில் ஒரு குடியிருப்பைக் காட்டியது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய கணிப்பொறி கைப்பற்றப்பட்டது. அவர் விசாரிக்கப்பட்டார். அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் தொடர்பில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அவர் வீட்டு வைஃபைக்குப் பாதுகாப்பு இல்லை. சதிகாரர்கள் அதைப் பயன்படுத்திவிட்டுப் போயிருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் டில்லியில் குண்டுகள் வெடித்தபோதும் மும்பையில் வேறொருவருடைய பாதுகாப்பற்ற வலையிலிருந்தே மின்னஞ்சல் போயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியுலகுக்கு உங்கள் வீட்டில் ஒரே முகவரிதான் தெரியும். அது ரூட்டரின் முகவரி. அதன் பின்னால் இருப்பது அப்பாவின் கணிப்பொறியா, அக்காவின் கைப்பேசியா, தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. செய்தவர் யாராக இருந்தாலும் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

உடைந்த பூட்டு

வைஃபைக்கான தொழில்நுட்ப விதிமுறை 1997-இல் வெளியானது. காற்றில் செல்லும் செய்தியை எவரும் கேட்கலாம் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரியாததன்று. அதனால் செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்ப ஒரு முறையையும் சேர்த்தே வகுத்தனர். அதன் பெயர் டபிள்யூ.இ.பி. கம்பியில் செல்லும் செய்திக்கு இணையான அந்தரங்கம் என்பது அந்தப் பெயரின் பொருள். பெயர் நன்றாகத்தான் இருந்தது! அது எப்படி உடைந்தது என்பது சுவையான கதை. உங்களுக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டே அதைப் புரிந்துகொள்ளலாம்.

கணிப்பொறிக்கு எல்லாமே 0, 1 என்னும் இலக்கங்கள். அனுப்ப வேண்டிய செய்தி 1011 என்று வைத்துக்கொள்வோம். இரகசியச் சாவி 0110. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலும் கீழும் ஒரே இலக்கமாக இருந்தால் 0 என்றும், வேறுவேறாக இருந்தால் 1 என்றும் எழுதுங்கள். 1101 என்று வரும். இதுதான் காற்றில் செல்லும் சங்கேதம். பெறுபவர் இதனோடு அதே சாவியை அதே முறையில் மீண்டும் சேர்த்தால் 1011 என்னும் பழைய செய்தி திரும்பக் கிடைத்துவிடும். எவ்வளவு எளிய முறை! சாவி தெரியாதவனுக்கு 1101 என்பதிலிருந்து எதுவும் விளங்காது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சாவியை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது செய்தி 1000 என்று கொள்வோம். அதற்கும் 0110 என்னும் அதே சாவியைப் போட்டால் சங்கேதம் 1110. ஒட்டுக் கேட்பவனிடம் இப்போது 1101, 1110 என இரண்டு சங்கேதங்கள் இருக்கின்றன. இரண்டையும் அவன் அதே முறையில் சேர்க்கிறான். 0011 வருகிறது. இனி மூலச் செய்திகள் இரண்டையும், அதாவது 1011, 1000 ஆகியவற்றை, நீங்கள் சேர்த்துப் பாருங்கள். அதே 0011! சாவி தானே கழிந்து மறைந்துவிட்டது. சாவியே தெரியாமல் இரண்டு செய்திகளுக்கும் உள்ள உறவு அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செய்தியின் ஒரு பகுதியை அவனால் ஊகிக்க முடிந்தால் மற்றதன் அப்பகுதியும் கையில் வந்துவிடும். இணையச் செய்திகளின் தொடக்கம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதால் ஊகிப்பதும் கடினமன்று.

இதைத் தவிர்ப்பதற்காக டபிள்யூ.இ.பி. முறையில் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் ஓர் எண்ணைச் சேர்த்துச் சாவியை மாற்றினார்கள். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 24 இலக்கங்கள். 2-ஐ 24 முறை பெருக்கினால் 1,67,77,216. இத்தனை வெவ்வேறு சாவிகள் உண்டு, போதாதா என்று தோன்றும். போதவில்லை. விநாடிக்கு 1000 பொட்டலங்கள் போகும் ஒரு வலையில் நான்கே முக்கால் மணி நேரத்துக்குள் எண்கள் தீர்ந்துவிடும். பிறகு பழைய எண்ணே திரும்ப வரவேண்டியதுதான்.

அதுவரைகூடக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தால், அவர்களில் எவரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்று கணித நூல்களில் ஒரு புதிர் உண்டு. 365 நாள்களுக்கு 23 பேரே போதும்! அதே கணக்குப்படி, எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் 4,823 பொட்டலங்களுக்குள் ஓர் எண் இரண்டு முறை வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. விநாடிக்கு 1000 என்றால் இது ஐந்து விநாடிகூட ஆகாது. சில கருவிகள் இன்னும் மோசம். அவை ஒவ்வொரு முறை மின்சாரம் பாய்ச்சியதும் 0, 1, 2 என்று முதலிலிருந்தே எண்ணத் தொடங்கின.

2001-இல் ஃபுளூரர், மான்டின், ஷமிர் ஆகிய மூவர் இதைவிடப் பெரிய ஓட்டையைக் கண்டனர். சாவியிலிருந்து இலக்கங்களை உண்டாக்கும் முறையிலேயே குறை இருந்தது. போதிய பொட்டலங்களைத் திரட்டினால் மூலச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று அவர்கள் காட்டினர். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வாளர்கள் இந்த வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினர். இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்னும் பெரிய வணிக நிறுவனத்தின் கடை ஒன்றில் டபிள்யூ.இ.பி. பூட்டு போட்ட வைஃபை வழியாகவே 2005-இல் திருடர்கள் நுழைந்ததாகத் தெரியவந்தது. 2007-இல் விஷயம் வெளியானபோது 4.5 கோடிக்கும் மேற்பட்ட கடன் அட்டை, பற்று அட்டை எண்கள் திருடு போயிருந்தன.

உங்கள் வீட்டில் மிகப் பழைய ரூட்டர் இருந்து, அதில் டபிள்யூ.இ.பி. தவிர வேறு பூட்டே இல்லையென்றால் அதைத் திருத்த வழியில்லை. மாற்றிவிட வேண்டியதுதான்.

புதிய பூட்டும் பழைய பழக்கமும்

2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்னும் தற்காலிக ஏற்பாடு வந்தது. 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. இதில் பயன்படும் ஏ.இ.எஸ். என்னும் சங்கேத முறையை அமைத்தவர்கள் டேமன், ரைமன் என்னும் பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் இருவர். அதை நேரடியாக உடைத்தவர் இன்றுவரை எவருமில்லை. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூ.பி.ஏ.2 தான்.

பூட்டு உறுதியானது. ஆனால் சாவியைச் செய்வது நாம் அல்லவா? அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு, காற்றில் அப்படியே அனுப்பப்படுவதில்லை. அதையும் வலையின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பதுபோல் 4096 முறை அரைத்து, ஒரு நீண்ட எண்ணை உண்டாக்குகிறார்கள். கைப்பேசி ரூட்டரோடு சேரும்போது இரண்டும் ஆளுக்கொரு புதிய எண்ணைச் சொல்லிக்கொள்ளும். பின்பு கைப்பேசி இவை எல்லாவற்றையும் கொண்டு ஒரு முத்திரையைக் கணக்கிட்டு அனுப்பும். ரூட்டரும் தன் பங்குக்குக் கணக்கிட்டுப் பார்க்கும். முத்திரை பொருந்தினால் கதவு திறக்கும். கடவுச்சொல் வெளியே வரவே இல்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தெருவில் இருப்பவன் இந்த உரையாடலைப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு எண்களும் முத்திரையும் அவனிடம் இருக்கின்றன. அவன் தன் வீட்டுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து ஒரு கடவுச்சொல்லை ஊகிக்கிறான். அதை அரைத்து முத்திரையைக் கணக்கிடுகிறான். பொருந்துகிறதா? இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்தது. உங்கள் ரூட்டருக்கு இது எதுவும் தெரியாது. மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் வங்கிப் பொறியைப்போல் இதை நிறுத்தவும் முடியாது.

எவ்வளவு வேகமாக ஊகிக்கலாம்? கணினி விளையாட்டுக்கென்று விற்கும் விலையுயர்ந்த வரைகலை அட்டை ஒன்று விநாடிக்குப் பத்து இலட்சம் கடவுச்சொற்களைச் சோதிக்கவல்லது. இனி நம் ஊர்ப் பழக்கங்களைக் கணக்குப் பார்ப்போம்.

மிகப் பலர் வைஃபைக்குத் தங்கள் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். பத்து இலக்கம் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்தம் 400 கோடி. பத்து இலட்சத்தால் வகுத்தால் 4000 விநாடி. ஒரு மணி ஏழு நிமிடத்தில் நாட்டில் இருக்கக்கூடிய எல்லாக் கைப்பேசி எண்களையும் சோதித்துவிடலாம்! உங்கள் எண் தெரிந்த அண்டை வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை. எட்டு இலக்கத்தில் பிறந்த தேதியை வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எட்டு இலக்க எண்கள் அனைத்துக்கும் நூறு விநாடி போதும். பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைப்பவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். பத்தாயிரம் பெயர்கள், நூறு ஆண்டுகள், பெருக்கினால் பத்து இலட்சம். ஒரு விநாடி.

மாறாக, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பன்னிரண்டைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் என்ன ஆகும்? 26-ஐ 12 முறை பெருக்க வேண்டும். 95 என்று எழுதி அதன்பின் 15 சுழியங்கள் போட்டால் ஏறத்தாழ அந்த எண் வரும். இதே வேகத்தில் சோதித்து முடிக்க 3000 ஆண்டுகள் ஆகும். எட்டு எழுத்துகளே என்றால் இரண்டரை நாள்தான். நான்கு எழுத்துகள் கூடியதால் வந்த வேறுபாடு இது. வாயில் நுழையாத குறிகளைப் போட்டுக் கடவுச்சொல்லைச் சிக்கலாக்குவதைவிட நீளமாக்குவது மேல் என்பதை இதிலிருந்து அறியலாம்.

பன்னிரண்டு எழுத்துகளை யார் நினைவில் வைப்பது என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டாயிரம் எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து சொற்களை எடுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாலும் சரி. 'கத்தரி யானை மழை ஏணி புதன்' என்பதுபோல் ஏதாவது வரும். 2000-ஐ ஐந்து முறை பெருக்கிப் பத்து இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகள் வரும். ஆனால் சொற்களை நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கித்தான் எடுக்க வேண்டும். மனிதர்களுக்குக் குருட்டாம்போக்கு என்பது வரவே வராது. பாட்டின் வரி, கடவுளின் பெயர், நடிகரின் பெயர் என்றுதான் மனம் போகும். ஊகிப்பவனுக்கும் அது தெரியும். இங்கே அச்சிட்டுவிட்ட ஐந்து சொற்களையே எடுத்து வைத்துக்கொள்வதும் கூடாது.

வலையின் பெயரும் அரைப்பில் சேருகிறது என்று சொன்னோம். அதனால் ஒரு பயன் உண்டு. உலகில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ரூட்டருக்குத் தொழிற்சாலை வைத்த பெயரே இருந்தால், அந்தப் பெயருக்கு ஒரு முறை அரைத்து வைத்த பட்டியல் எல்லா வீடுகளுக்கும் பயன்படும். பெயரை மாற்றிவிட்டால் அந்தப் பட்டியல் வீண். ஆனால் பெயரில் வீட்டு எண்ணையோ குடும்பத்தின் பெயரையோ போட்டு, எந்த வலை யாருடையது என்று தெருவுக்கு அறிவிக்க வேண்டாம்.

2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இந்தப் பதிவு செய்து ஊகிக்கும் வித்தைக்கே இடம் தருவதில்லை. ஒவ்வோர் ஊகத்தையும் ரூட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும் என்னும்படி அதை அமைத்திருக்கிறார்கள். உங்கள் ரூட்டரிலும் கருவிகளிலும் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாகப் பிளந்த எண்

பல ரூட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதி உண்டு. நீண்ட கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் கருவி இணைந்துவிடும். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்புகள், ரூட்டரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு முடியாது என்றுதான் தோன்றும். 2011-இல் ஸ்டெஃபான் ஃபீபெக் என்னும் ஆய்வாளர் இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே ஏழு இலக்கமே மிச்சம். அதைவிட, ரூட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சோதிக்கிறது. முதல் நான்கு இலக்கம் தவறானால் உடனே தவறு என்று சொல்லிவிடுகிறது! முதற்பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. கூட்டினால் 11,000 முயற்சிகள்தாம். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டும்படி ஆனதால் வந்த வினை. பிற்காலக் கருவிகளில் சில தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். இருந்தாலும் அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

மற்றொரு சாவி

வைஃபையில் சேருவதற்கு ஒரு கடவுச்சொல், ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கு வேறொரு கடவுச்சொல் என இரண்டு இருப்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்து வரும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்றே இருப்பது வழக்கமாக இருந்தது. இதை மாற்றாமல் விடுவது பீரோவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அதன் மேலேயே வைப்பது போன்றது. உள்ளே வந்தவன் இணையப் பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் முகவரியை மாற்றி வைத்தால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலியான பக்கத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். 2016-இல் மிராய் என்னும் தீய நிரல் பரவியது. இப்படித் தொழிற்சாலை வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கு மேல் அதனிடம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் பல இலட்சம் கேமராக்களையும் ரூட்டர்களையும் அது வசப்படுத்தியது. அந்தப் படையை ஏவி அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்களை எட்டமுடியாமல் செய்தனர்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு அந்தப் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரூட்டரின் உள்நிரலைப் புதுப்பிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். புதுப்பித்தல் ஏன் வேண்டும்? 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோஃப் டபிள்யூ.பி.ஏ.2-இன் அறிமுக உரையாடலிலேயே ஒரு குறையைக் கண்டார். ஏற்கெனவே பயன்படுத்திய சாவியை மறுபடியும் பயன்படுத்துமாறு கருவியை ஏமாற்ற முடிந்தது. சாவியை இரண்டு முறை பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் முன்பே கண்டோமே! நல்ல வேளையாக அது நிரலைத் திருத்தினால் தீரக்கூடிய குறை. கைப்பேசி, கணிப்பொறி, ரூட்டர் ஆகியவற்றைப் புதுப்பித்தவர்கள் தப்பினர்.

பயன் குறைந்த சில வைத்தியங்கள்

வலையின் பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று கடைக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. பெயரை ரூட்டர் சொல்லாவிட்டாலும், இணைய வரும் கைப்பேசி அதை உரக்கச் சொல்லித்தான் அழைக்கும். ஒட்டுக் கேட்பவனுக்கு அது போதும். நம் கருவிகளின் அடையாள எண்களை மட்டும் பட்டியலிட்டு அனுமதிப்பதும் இப்படித்தான். அந்த எண்கள் சங்கேதமின்றியே காற்றில் செல்கின்றன. ஒன்றைக் கேட்டுத் தன் கருவிக்கு இட்டுக்கொள்வது எளிது. மேலும் இன்றைய கைப்பேசிகள் வலைக்கொரு போலி எண்ணைத் தாமே வைத்துக்கொள்கின்றன. அதனால் பட்டியலை வைத்திருப்பது தலைவலிதான். இந்த இரண்டுக்கும் செலவிடும் நேரத்தைக் கடவுச்சொல்லை நீட்டுவதில் செலவிடலாம் என்பது என் கருத்து.

வங்கி, அஞ்சல் போன்ற பெரும்பாலான இணையத்தளங்கள் இன்று தமக்கென்று தனியாக ஒரு சங்கேதப் பூட்டும் போட்டே செய்தி அனுப்புகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே வைஃபை உடைந்தால் உடனே எல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கேமரா, அச்சுப்பொறி, தொலைக்காட்சி இவற்றுக்கு அவ்வளவு காவல் கிடையாது.

விருந்தாளி வந்தால்?

மாமா வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். வந்ததும் முதற்கேள்வி 'வைஃபை பாஸ்வேர்டு என்ன?' என்பதுதான். கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் டபிள்யூ.பி.ஏ.2-இல் ஒரு நுட்பம் இருக்கிறது. கடவுச்சொல்லும் தெரிந்து, மற்றொரு கருவி இணையும்போது நடக்கும் உரையாடலையும் கேட்டவர், அந்தக் கருவியின் சங்கேதத்தைப் பிரித்துவிட முடியும். ஏனென்றால் சாவி செய்யத் தேவையான எல்லாமே அவர் கையில் இருக்கின்றன. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்கள் கைப்பேசியில் என்னென்ன நிரல்கள் குடியேறியிருக்கின்றன என்பது அவர்களுக்கே தெரியாது. இதற்காகவே பல ரூட்டர்களில் விருந்தினர் வலை என்று தனியாக ஒன்றை அமைக்கலாம். பெயர் வேறு, கடவுச்சொல் வேறு. இணையம் கிடைக்கும், ஆனால் வீட்டுக் கருவிகளை அங்கிருந்து எட்ட முடியாது. வந்தவர்கள் ஊர் திரும்பியதும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். மலிவு விலைக் கேமரா, மின்விளக்கு போன்றவற்றையும் அந்த வலையிலேயே குடியமர்த்துவது நல்ல யோசனை.

இதைப் படித்ததும் பக்கத்து வீட்டு வைஃபையில் சோதித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு எழலாம். வேண்டாம். உரியவர் அனுமதியின்றி அவருடைய வலையில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. சொந்த வீட்டு வலையில் செய்து பார்ப்பதற்கே வேலை நிறைய இருக்கிறது. கைப்பேசியில் தெரியும் வலைகளின் பட்டியலைப் பாருங்கள். பூட்டுக் குறி இல்லாத வலை ஏதேனும் தெரிந்து, அது யாருடையது என்றும் தெரிந்தால், அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ரூட்டரைப் புதிதாக மாற்றும்போது பழையதை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அதன் நினைவகத்தில் உங்கள் வலையின் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பின்புறத்தில் ஊசி முனை நுழையும் அளவில் ஒரு சிறு துளை உண்டு. மின்சாரம் இருக்கும்போதே அதனுள் ஒரு கம்பியை விட்டு, விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும் வரை, பத்து விநாடிபோல அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு விற்கலாம்.